சலூன்காரரின் இடது குதிகால்

சலூன்காரரின் மனைவி யோகா வகுப்பில் சேர்ந்த ஒன்பதாம் நாள், காலை ஆறு இருபதுக்கு, சலூன்காரரின் இடது குதிகால் வலிக்க ஆரம்பித்தது. அவர் அப்போது மாடி வாசல்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆயுளில் ஒருநாள்கூட யோகா செய்யாதவர். குனிந்து செருப்பு மாட்டுவதையே உடற்பயிற்சியில் சேர்த்துக்கொள்பவர். ஆணி குத்திய மாதிரி இருந்ததால் செருப்பைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. ஏழு மணிக்கு மனைவி இரண்டிரண்டு படியாகத் தாவி மாடியேறி வந்தாள். "இன்னிக்கு ஒத்தைக் கால்ல நின்னேங்க, இடது கால்ல. எல்லாரையும்விட அதிக நேரம். ஒரு சின்ன வலிகூட இல்ல" என்றாள்.

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவள். புகார் சொல்பவர் வைக்கும்வரை இவள் ரிசீவரை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. தண்ணீர் வராதவர்களும் தண்ணீர் சேறாக வந்தவர்களும் வாய்க்கு வந்தபடி திட்டுவதை எல்லாம் பதினோரு வருடமாகக் காதில் வாங்கி, அவர்கள் ஓய்ந்த பிறகே ரிசீவரை வைத்துப் பழகியவள். வீட்டுக்கு வரும்போது பேச்சு மிச்சமிருக்காது. உப்பு போதுமா என்றால் தலையாட்டல்தான் பதில். எதிராளி வைக்காமல் தான் வைக்காத அந்தப் பழக்கம் யோகா வகுப்பிலும் வேலையைக் காட்டியது. முப்பது எண்ணியதும் காலை இறக்கலாம் என்பார் ஆசிரியை. எதிரில் இருப்பவர் இறக்காமல் இவள் இறக்க மாட்டாள். மாணவிக்கு முன்னால் இறக்குவது ஆசிரியைக்கு மானப் பிரச்சினை. ஒரு நாள் இருவரும் நாற்பது நிமிடம் அப்படியே நின்றார்கள். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். சலூன்காரர் அன்று கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வலி தொடங்கிய இரண்டாம் வாரமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வகுப்புள்ள நாளில் காலையில் தொடங்கும் வலி இரவுவரை விடாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது, வலியும் கிடையாது. புரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவள் பேச ஆரம்பித்திருந்தாள். சாப்பிடும்போது பேசினாள், துணி மடிக்கும்போது பேசினாள், அன்றைக்கு அலுவலகத்தில் திட்டியவர்களை எல்லாம் குரல் மாற்றி நடித்துக் காட்டினாள். ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி குழாயைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன கதையில் சலூன்காரருக்குப் புரையேறியது. பதினோரு வருடமாக அவர் ஏங்கிக் கிடந்த குரல் அது. கேவலம் ஒரு குதிகாலுக்காக அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருடையது நின்று செய்யும் தொழில். வலது காலில் பாரம் போட்டுச் சாய்ந்து வெட்டியதில், தெருவில் அத்தனை பேருடைய கிருதாவும் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தன. தலைமையாசிரியர் கழுத்தைச் சாய்த்து நடந்து பார்த்தார். முடி நேராகத் தெரிந்தது. ஒரே மாதத்தில் தெருவே கழுத்தைச் சாய்த்து நடந்தது, சாய்ந்தபடியே நலம் விசாரித்துக்கொண்டது. கழுத்து ஒத்துழைக்காதவர்கள் அடுத்த தெரு சலூனுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்கள் நாளுக்கு நாள் கூடவே, சலூன்காரர் பயந்துபோய் எலும்பு டாக்டரிடம் காலைக் காட்டினார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது உங்க கால் இல்லையே."

"என் காலைத்தான் வெச்சேன் டாக்டர்."

படத்தில் இருந்தது ஒரு பெண்ணின் சின்னப் பாதம். சுண்டுவிரல் எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. மூன்று முறை எடுத்தும் அதே பாதம்தான் வந்தது. ஒற்றைக்காலில் நின்றதால் குதிகாலில் வீக்கம், நிற்பவரை நிறுத்தச் சொல்லவும் என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சலூன்காரர் படத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார். ஒளித்த பொருள் தூசி தட்டுகிறவர் கையில் சிக்காமல் போகுமா? பதினோரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட சுண்டுவிரலை அவள் பார்த்தவுடன் கண்டுகொண்டாள். "இது என் விரல்தானே?" என்றாள். அவர் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்து நீட்டினார். மறுநாள் முதல் அவள் வகுப்புக்குப் போகவில்லை.

குதிகால் பூப்போல ஆனது. கிருதாக்கள் நேராயின. சாய்ந்து பழகிய கழுத்துகளை நிமிர்த்தத்தான் சிலர் சிரமப்பட்டார்கள். வீட்டிலோ, பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்குவதுகூடக் கேட்டது. உப்பு போதுமா என்றார், தலையாட்டினாள். வலி இல்லாத இரண்டு காலில் நின்றுகொண்டு அவர் மூன்று வாரம் உள்ளுக்குள் நொந்துபோனார். இருபத்திரண்டாம் நாள் காலை யோகா பாயை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கிளம்பு."

"உங்களுக்கு வலிக்குமே."

"வலிச்சா என் குதிகால் மட்டும்தான் வலிக்குது. நீ பேசாம இருந்தா எனக்கு வீட்டுக்குள்ள வரவே பிடிக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாயை இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவளிடம், "அந்த ஆசிரியைக்கு முன்னாடி நீயே காலை இறக்கிடேன்" என்று கெஞ்சினார். "அது மட்டும் முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெந்நீர், களிம்பு, உருட்டும் பந்து என்று அவர் தன் காலுக்கு எதைச் செய்தாலும் பலிக்கவில்லை. ஒரு மாலை அவள் நீதிபதி கதையின் அடுத்த பாகத்தைச் சொல்லிக்கொண்டே சும்மா தன் குதிகாலைத் தேய்த்தாள். எதிரே இருந்த சலூன்காரர், "அங்கதான்! அங்கேயேதான்!" என்று அலறினார். வைத்தியம் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு தினமும் மாலையில், வலிக்கிற சலூன்காரர் வலிக்காத மனைவியின் பாதத்தை மடியில் வைத்து அமுக்கிவிட்டார். அவள் கண்ணை மூடி அனுபவித்தாள். எதிர்மாடி ஜன்னல்களிலிருந்து பார்த்த பெண்கள் தங்கள் கணவர்களை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "என் காலைத்தான்யா அமுக்கறேன்" என்று அவர் கடையில் சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை.

இப்படி நான்கு வருடம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்காரர் அவசரப்படுத்தினார் என்று சலூன்காரர் ஆறு மணிக்கே கடை திறந்து அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஆறு இருபது ஆனது. வலிக்கவில்லை. ஆறரை ஆனது. அப்போதும் வலிக்கவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று கையில் நுரைப் பிரஷ்ஷோடு தெருவில் ஓடினார். மாடிப்படியில் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. கதவைத் தள்ளினால், அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆசிரியைக்கு ஜுரம். இன்னிக்கு லீவு" என்றாள்.

"எனக்கு வலிக்கலை" என்றார் அவர்.

அவள் அவரையும் பிரஷ்ஷையும் பார்த்தாள். "உங்க புகாரைப் பதிவு பண்ணியாச்சு சார்" என்று அலுவலகக் குரலில் சொல்லி இடது காலை நீட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்து, எந்த வலியும் இல்லாமல், வெகுநேரம் அமுக்கிவிட்டார். கடையில் தபால்காரர் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, பாதி முகத்தில் நுரையோடு கடிதம் கொடுக்கப் போனார். சலூன்காரரின் கைவரிசைக்குப் பழகிய தெருவில் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.