மணிக்கு நூற்றைந்து

வேகத்தை அளக்கிற தரணீதரன் ஸ்டாப்வாட்சோடு தையல் லைனுக்குள் வந்தால் முப்பத்திரண்டு மெஷின்களின் சத்தமும் கொஞ்சம் இறங்கும். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. புதிதாகச் சேர்பவர்கள் பக்கத்து மெஷினைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஒருவருக்கு நூல் அறுந்துபோகும். இன்னொருவர் துணியின் ஓரத்தை இரண்டு முறை சரிபார்ப்பார். ஒச்சம்மாள் ஐந்து பீஸுக்கு ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். அன்று அளக்கிற வேகம்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் ஏறும். ஆர்டர் முடியும்வரை எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

முனீஸும் பதினோரு வருடம் அப்படி வேகத்தை அடக்கியவன்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவனை இந்தப் பனியன் கம்பெனிக்குக் கூட்டிவந்து, நம்ம ஊர்ப் பையன், நான் பொறுப்பு என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் ஒச்சம்மாள். இருவருக்கும் அடுத்தடுத்த ஓவர்லாக் மெஷின், டி-ஷர்ட்டுக்குக் கைப்பகுதியைச் சேர்த்துத் தைக்கிற வேலை. ஒச்சம்மாளுக்கு அதில் பத்தொன்பது வருடம். இன்னமும் லைன் வீட்டில் ஒற்றை அறையில்தான் வாடகைக்கு இருந்தார். இப்படி அடக்கி அடக்கித் தைத்ததால்தான் அக்கா அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது என்று முனீஸ் நினைத்திருந்தான். உழைப்பைக் காட்டினால் மேலே போகலாம் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

ஆடி மாதம் நாலாவது லைனுக்கு சூப்பர்வைசர் இடம் காலியானது. டீ நேரத்தில் மேனேஜர் வேலுமணி அவன் பக்கம் வந்து நின்றார்.

"நாளைக்கு டைம் எடுக்க வர்றாங்க. உங்க வேகத்தை நான் பாத்திருக்கறனுங்க. மேல இருக்கறவங்களும் பாக்கட்டும்."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் தரணீதரன் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். பக்கத்தில் ஒச்சம்மாள் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். முனீஸ் பெடலை முழுதாக அழுத்தினான். ஒரு பீஸ் ஊசியை விட்டு வெளியே வருமுன் அடுத்ததை எடுத்துவிட்டான். இருபது பீஸ், ஓரிடத்திலும் நிற்கவில்லை. மெஷின் சத்தத்திலேயே லைன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. ஒச்சம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பவில்லை.

திங்கட்கிழமை போர்டில் எண்பதை அழித்து நூற்றைந்து என்று எழுதினார்கள். வருகைக்குப் பஞ்ச் வைக்கிற இடத்துக்கு மேலே, இந்த மாதச் சிறந்த உழைப்பாளி என்று அவன் போட்டோவை மாட்டினார்கள். அதை செல்போனில் படமெடுத்துப் போய் மனைவி ஆஷாவிடம் காட்டினான். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒச்சம்மாக்கா என்ன செய்யும் என்று மட்டும் கேட்டாள். சூப்பர்வைசர் ஆனதும் அக்காவைத் தன் லைனுக்கு எடுத்துக்கொள்வேன் என்றான்.

லைனில் யாரும் அவனைத் திட்டவில்லை. காலையில் பஞ்ச் வைக்கும்போது மட்டும் பின்னாலிருந்து யாராவது, "உழைப்பாளிக்கு வழி விடுங்கப்பா" என்பார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பாத்ரூம் போய் வந்தால் பத்துப் பீஸ் போய்விடும். ஒச்சம்மாளால் என்ன முயன்றும் எண்பத்திரண்டைத் தாண்ட முடியவில்லை. மூன்றாவது வாரம் அவரைப் பிசிறு வெட்டுகிற மேஜைக்கு மாற்றினார்கள். தைத்து வருகிற பீஸில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரிக்கிற வேலை. இனி டெய்லர் சம்பளம் இல்லை, ஹெல்பர் சம்பளம்தான்.

முனீஸ் வேலுமணியிடம் போனான். அக்காவுக்காகப் பேசத்தான் போனான். வாயில் முதலில் வந்ததோ சூப்பர்வைசர் வேலையைப் பற்றிய கேள்வி. வேலுமணி பொறுமையாகவே பதில் சொன்னார்.

"அதுக்கு டிப்ளமோ படிச்சவரு ஒருத்தரை எடுத்தாச்சுங்க. உங்களை மெஷின்ல இருந்து எந்திரிக்கச் சொல்லிட்டா, அந்த நூத்தஞ்சை யாருங்க தைக்கறது?"

படியிறங்கி வரும்போதுதான், ஒச்சம்மாளின் பெயரையே தான் எடுக்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. திரும்பி ஏறலாமா என்று நின்றான். ஏறவில்லை.

அடுத்த ஆர்டருக்கு டைம் எடுக்க வந்தபோது முனீஸ் வேண்டுமென்றே நூலை அறுத்தான். துணியின் ஓரத்தை மூன்று முறை பார்த்தான். தரணீதரன் ஸ்டாப்வாட்சை அழுத்தவே இல்லை.

"உங்க வேகம் எனக்குத் தெரியுமுங்கண்ணா" என்று சிரித்தபடி பழைய எண்ணையே எழுதிக்கொண்டு நகர்ந்தான். லைன் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் முனீஸ் பிசிறு மேஜைக்குப் போனான். அவன் தைத்த பீஸ்கள் ஒச்சம்மாளுக்கு முன்னால் கழுத்து உயரத்துக்குக் குவிந்திருந்தன. சாப்பிடப் போகாமல் அவர் வெட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, சும்மா கிடந்த கத்தரி ஒன்றை எடுத்து, மேலே இருந்த டி-ஷர்ட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒச்சம்மாள் நிமிராமலேயே அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. இதையும் நீ வேகமா வெட்டிக் காட்டிருவ."

அவர் குரலில் கோபம் இல்லை. மேஜையின் அந்தக் கோடியில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். முனீஸும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கத்தரியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

ஒன்றரைக்கு மணி அடித்தது. அவன் மெஷினில் போய் உட்கார்ந்தான். இரண்டரைக்குப் போர்டில் அவன் பெயருக்கு நேரே, அந்த ஒரு மணி நேரத்தில் தைத்த கணக்கு நூற்றைந்து என்று எழுதினார்கள்.