மூக்கும் பல் செட்டும்

“அந்த மூக்குத்தியைக் கழட்டித் தாங்கோ மன்னி. ரப்பருக்கு எதுக்கு வைரம்?”

நாத்தனார் சாவித்ரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கல்யாண மண்டபத்து அறையில், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கின் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டிருந்த விஜயத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் மகள் ஜானவிக்கு முகூர்த்தம்.

“கன்னிகாதானத்துக்கு நான்தான் தண்ணி விடணுமாம். வாத்தியார் சொல்லியாச்சு. தண்ணி விடறவா மூக்கிலயாக்கும் ஆத்து வைரம் இருக்கணும்.”

விஜயத்தின் மூக்கில் புற்றுநோய் வந்து பத்து மாதமாகிறது. டாக்டர்கள் உயிரைக் கொடுத்துவிட்டு மூக்கை எடுத்துக்கொண்டார்கள். அன்றுமுதல் வலியசாலைத் தெருவில் அவள் தலைப்பால் முகத்தை மூடாமல் நடந்ததில்லை. ஜானவிதான் கழக்கூட்டத்து ஆபீசில் லீவு போட்டு, அம்மாவை ஆஷாவிடம் அழைத்துப் போனாள். ஆஷா செயற்கை மூக்கு, காது, கண் செய்கிறவள். முகத்தை அச்செடுத்து, பழைய போட்டோவைப் பார்த்துச் செதுக்கி, விஜயத்தின் கன்னத்தோடு வைத்து வைத்துப் பார்த்து நிறம் கலந்து, சிலிக்கோன் ரப்பரில் ஒரு மூக்கு செய்து கொடுத்தாள். மூக்குத்திக்குத் துளைகூடப் போட்டாள். அதை ஒட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்த அன்று விஜயம் ஓவென்று அழுதாள். “எம்பொண்ணு கையில தண்ணி விடற அன்னிக்கு நான் மனுஷியா நிப்பேன்” என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

விஜயம் எழுந்து நேரே மணையருகே போனாள்.

“அங்கஹீனம் மாமி. ஒட்ட வெச்சது அங்கமாகாது” என்றார் வாத்தியார், அவள் முகத்தைப் பார்க்காமல். “பத்தினி இருக்க வேண்டிய எடத்தில தர்ப்பையை வெச்சுட்டேன். சாஸ்திரத்தில வழி இருக்கு, கேட்டேளா.”

மணையில் அவள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பிடி புல் கிடந்தது.

“தர்ப்பைக்கு மூக்கு இருக்கோ வாத்தியாரே?”

“குதர்க்கம் பேசப்படாது.”

விஜயம் கணவர் நாகேஸ்வரனைப் பார்த்தாள். காபி டம்ளரும் கையுமாக நின்ற மனுஷர், “மெள்ளப் பேசு, சம்பந்திகள் காதில விழப்போறது” என்றார். மகளைப் பார்த்தாள். “அம்மா, ப்ளீஸ், இப்போ ஒரு பிரஸ்னமாக்கண்டா, பெரிசு பண்ணாம விட்டுடு” என்று ஜானவி தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் சொன்னதைத் தாங்கினவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

அறைக்கு வந்து மூக்குத்தியைக் கழற்றிச் சாவித்ரியிடம் கொடுத்தாள். பின்னாலேயே நாகேஸ்வரன் வந்தார். வாயைக் கொப்பளித்து, பல் செட்டைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் பஞ்சகச்சம் கட்டிக்கொள்ள உள்ளே போனார். விஜயம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அச்செடுத்துச் செய்ததுதானே? அதுவும் ஒட்ட வைத்ததுதானே? செட்டை எடுத்துத் துடைத்து, மூக்கு வைக்கிற டப்பாவுக்குள் போட்டு மூடி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கட்டிக்கொண்டு வந்தவர் பல்லைத் தேடாத இடமில்லை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. நாகேஸ்வரன் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு வாத்தியாரிடம் ஏதோ முனகினார். இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று விஜயம் காத்திருந்தாள்.

வாத்தியார் சிரித்தார்.

“பல்லு போனா அங்கஹீனமா? நல்ல கூத்து! புருஷாளுக்கு அதெல்லாம் தோஷமில்லை. ஒக்காருங்கோ.”

சம்பந்திகளும் சிரித்தார்கள். பாவம், கல்யாண அலைச்சல் என்று யாரோ விசிறிகூட வீசினார்கள். பொக்கை வாயில் கோத்திரமும் பெயரும் கொழகொழத்தன. அது ஒருத்தருக்கும் குறையாகப் படவில்லை. பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தானம் கொடுத்தார். விஜயத்தின் வைரம் மின்னச் சாவித்ரி தண்ணீர் விட்டாள். பெற்றவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். நாசமாய்ப் போக, இதற்குப் பெயர் சாஸ்திரமாம்!

தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரர் ஜெயன் மேடையிலிருந்து பெண்ணைப் பெற்றவர்களை மலையாளத்தில் கூப்பிட்டார்: “பெண்ணின்டெ அச்சனும் அம்மயும் ஒண்ணு வரணே!”

சாவித்ரி ஓடிவந்தாள். “சீக்கிரம் வாங்கோ மன்னி. போட்டோவில அம்மா இல்லேன்னா நாலு பேர் கேப்பா. மூக்கு நேரா இருக்கோன்னு பாத்துக்கோங்கோ.”

விஜயம் மேடையேறி, இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தாள். நாகேஸ்வரனுக்குப் புரிந்துவிட்டது. “நீதானே எடுத்தே? குடுடி!” என்று, போட்டோவுக்காக மறுபடி வாயைப் பொத்திய அங்கவஸ்திரத்துக்குள் சீறினார்.

விஜயம் டப்பாவைத் திறந்தாள். பல்லை எடுக்கவில்லை. மூக்கின் விளிம்பை மெல்ல உரித்துக் கழற்றி, பல்லுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். சம்பந்தியம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். “அம்மா...” என்றாள் ஜானவி.

“பல்லில்லாம நீங்க தானம் குடுத்தேள். மூக்கில்லாம நான் போட்டோவுக்கு நிக்கறேன்.”

நாகேஸ்வரன் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. விஜயம் அங்கவஸ்திரத்தின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“எடுங்கோன்னா. புருஷாளுக்குத்தான் தோஷமில்லையே.”