என்னை இல்லய்யா, அவரை

மாசிலாமணி சுகாதாரத்துறை வீடியோவில் இதயமாக நடித்தான். படப்பிடிப்பு முடிந்த பிறகும் அந்தச் சிவப்பு ரப்பர் உடை கழன்று வரவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி எஸ்தர் ஆள் வைத்து வீட்டு வாசலை அகலப்படுத்தினாள்.

மூச்சு நின்று விழுந்தவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லித்தரும் வீடியோ அது. அதில் ஒருவர் தவறுதலாக இதயத்தையே அழுத்துவார். லாரி ஹாரன் போல 'பாம்' என்று சத்தம் வரும். "என்னை இல்லய்யா, அவரை அமுக்கு!" என்று இதயம் கத்தும்.

"சிரிச்சவன் மறக்க மாட்டான்" என்றார் இயக்குநர்.

வந்தவாசியில் யாரும் மறக்கவில்லை. எதிரே வருகிறவர்கள் அவனை ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் போனார்கள்.

ஒருநாள் காலை அவன் டவுன் பஸ்ஸில் போனான். டிரைவர் தணிகாசலம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு இருக்கையிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். மூச்சு இல்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். "யாருக்காவது அமுக்கத் தெரியுமா?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பஸ் முழுக்க எழுந்து வரிசையில் நின்றது. வரிசை மாசிலாமணியிடம் வந்தது.

பூக்கூடைக்காரி முதலில் வந்தாள். முழங்கையை மடக்காமல், இரண்டு உள்ளங்கையாலும், சரியாக நடுவில் அழுத்தினாள்.

பாம்.

"என்னை இல்லம்மா, அவரை!"

பஸ் குலுங்கிச் சிரித்தது. "அப்படியே சொல்றாரு பாரு!"

"நெசமாத்தான் சொல்றேன். அவரு செத்துருவாரு."

கண்டக்டர் முகம் சுளித்தார். "இது வீடியோவுல இல்லியே. இருக்கறத மட்டும் சொல்லுப்பா."

டிரைவரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. தானே அழுத்தலாம் என்றால் ரப்பருக்குள் மாசிலாமணியின் கைகள் குட்டை. எதற்கும் எட்டாது. அவன் டிரைவரை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். ஓட ஓட பஸ் நீண்டது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, டிரைவரின் நெஞ்சின் மேல் மல்லாந்து படுத்தான்.

"சரி, என்னையே அமுக்குங்க. வேகமா. நிறுத்தக் கூடாது."

பாம். பாம். பாம். கண்ணில் நீர் வரச் சிரித்தபடி ஆள் மாற்றி ஆள் அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலும் அவன் வழியாகக் கீழே இறங்கியது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. வாய்விட்டு அழுதான். அதற்கும் சிரித்தார்கள்.

கீழேயிருந்து ஏதோ அவனை முட்டியது. ஓர் இருமல்.

"யாருப்பா மேல?" பின்கழுத்தருகே குரல் கேட்டது.

"இதயங்க. வீடியோவுல வருமே."

"நான் வீடியோ எல்லாம் பாக்கறதில்ல. பேரு என்ன?"

அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "மாசிலாமணி."

"எந்த ஊரு?"

"செய்யாறு."

"அட. என் தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்கு."

பயணிகள் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்ந்தது. டிரைவர் இருக்கை காலியாகவே இருந்தது. ஸ்டியரிங் மெல்லச் சுற்ற, வண்டி திரும்பியது.

"செய்யாறு யாராவது இருக்கீங்களா?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பேர்" என்றார் கீழே படுத்திருந்தவர்.