கோச்சைக் குடல்

1969 மாசியில், நான் காரைக்குடியில் கால்நடை மருத்துவனாக இருந்தபோது, காளையார்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாயக்கண்ணனின் பதினான்கு சண்டைச் சேவல்களும் நாலே நாளில் செத்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு, வெள்ளை வெள்ளையாகக் கழிந்து செத்தன. ஊரில் மற்றவர் வீட்டுக் கோழிகளும் போயின. பிழைத்தது கருத்தையாவின் சேவல் ஒன்றுதான். அதனால் கருத்தையாவின் வலது கையை வெட்டப்போவதாக மாயக்கண்ணன் சொல்லியிருந்தான்.

நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். களத்துமேட்டு வேப்பமரத்தில் கருத்தையாவைக் கட்டிவைத்து இரண்டு பேர் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பல் இரண்டு போயிருந்தது. வாய் ரத்தம் நெஞ்சில் வழிந்தது. மாயக்கண்ணன் அரிவாளோடு நிற்க, அரை ஊர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அடிப்பவனைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த வேடிக்கைக் கூட்டத்தைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“டாக்டரய்யா, நீங்க அங்குட்டுத் தள்ளி நில்லுங்க,” என்றான் மாயக்கண்ணன். “போன வாரம் சேவக்கட்டுல இவன் சேவலை என் சேவல் குத்திச் சாச்சுருச்சு. அந்த வயித்தெரிச்சல்ல செய்வினை வச்சுப்புட்டான். இல்லாட்டி ஊர்க்கோழி அம்புட்டும் சாகையில இவன் சேவல் மட்டும் எப்பிடி நிக்கும்?”

“செய்வினையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது வெள்ளைக்கழிச்சல். வைரஸ் நோய்.”

“அப்ப இவன் சேவலுக்கு ஏன் வரல?”

கேள்வி நியாயமானது. கருத்தையாவின் சேவலையும் மரத்தடியில் ஒரு கூடைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். கண்ணில் நீர், மூக்கில் சளி. என் கையிலேயே இரண்டு தும்மல் போட்டது.

“எத்தனை நாளா சளி?” என்று கருத்தையாவைக் கேட்டேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: “சேவக்கட்டுக்கு ரெண்டு நாளு முந்தி இருந்துங்க. அதான் இதை எறக்கல. இன்னொண்ணை எறக்கித் தோத்தேன்.”

எனக்கு விளங்கிவிட்டது. சாதாரணச் சளியும் வைரஸ்தான். எந்த வைரஸும் தனியே பெருகாது. உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லையே வேலை வாங்கித்தான் தன்னை ஆயிரமாக்கிக்கொள்ளும். ஆனால் வைரஸ் புகுந்த செல் சும்மா சாவதில்லை. இன்டர்ஃபெரான் என்றொரு பொருளைக் கசியவிடும். அது பட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் எல்லாம் உஷாராகிவிடும். அடுத்து வருவது எந்த வைரஸாக இருந்தாலும் அது நகலெடுக்க முடியாமல் முடக்கிவிடும். இதைக் கண்டுபிடித்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, அதுவும் கோழிமுட்டைக் கருவில்.

அரிவாளுக்கு முன்னால் அத்தனையும் சொல்ல முடியுமா? “ஒரு வீட்டுல திருடன் புகுந்தா அந்த வீட்டுக்காரன் கத்துவான்,” என்றேன். “பக்கத்து வீட்டுக்காரங்க பெட்டியைப் பூட்டிக்குவாங்க. அடுத்த திருடன் உள்ள வந்தாலும் ஒண்ணும் எடுக்க முடியாது. இந்தச் சேவல் உடம்புல சளி முதல்ல புகுந்துது, உடம்பு பூட்டிக்கிச்சு. பின்னால வந்த கழிச்சலுக்கு எடுக்க ஒண்ணுமில்ல. அடிச்சுச் சொல்லமாட்டேன், ஆனா அதுதான் நடந்திருக்கும். இந்தப் பூட்டும் சில நாளைக்குத்தான்.”

கூட்டம் முணுமுணுத்தது. மாயக்கண்ணன் அரிவாளைத் தாழ்த்தினான். யாரோ கருத்தையாவின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

“அப்ப என் சேவலுக்கு நோயி எங்கிட்டிருந்து வந்துச்சு?”

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஜெயித்த தலைக்கனம் விடவில்லை.

தோற்றுச் செத்த சேவலைக் கோச்சை என்பார்கள். அது ஜெயித்தவனுக்குச் சொந்தம். அந்தக் கறிக்குத் தனி மதிப்பு. “கருத்தையாவோட கோச்சையை நீதானே கொண்டுபோனே?” என்றேன். “அதுக்குள்ள நோய் ஏற்கெனவே இருந்திருக்கு. சமைச்ச கறியால ஒண்ணுமில்ல. பச்சைக் குடலைச் சேவலுங்க கொத்தியிருக்கு.” கூட்டத்தின் ஓரத்தில் அவன் மனைவி அம்மாக்கண்ணு நின்றாள். கோழி கழுவுவது பெண்பிள்ளை வேலைதானே என்ற நினைப்பில் அவள் பக்கம் திரும்பினேன். “ஏம்மா, குடலை வளக்கிற கோழிக்கு முன்னால வீசலாமா?”

அவள் வாயைத் திறந்தாள்.

“என் சேவலைக் கொன்னவ நீதானாடி!” என்று மாயக்கண்ணன் அவள்மேல் பாய்ந்தான்.

முதல் வெட்டைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. இரண்டாவது வெட்டு தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. அவன் காலால் அவளை மிதித்துக்கொண்டு அரிவாளை உருவினான். மூன்றாவதற்கு ஓங்கியபோதுதான் நாலு பேர் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள்.

சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போனோம். அவள் தோளில் என் வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தேன். அது நனைந்து சொட்டியது. வாய் வீங்கிய கருத்தையா அவள் தலையை மடியில் வைத்திருந்தான்.

“ஒங்க மேல கோவமில்லய்யா,” என்றாள் அம்மாக்கண்ணு. “நீங்க வெளியூரு. எங்கூருல கோச்சையப் பொம்பள தொடப்படாது. தொட்டா சேவக்கட்டுக்கு ஆகாதும்பாக. அறுக்குறது, கழுவுறது எல்லாம் ஆம்பளைகதேன். குடலை வீசுனதும் எங்க வீட்டுக்காரவுகதேன்.”

இந்தப் பழியைச் சுமத்தியவன் நான்.

“அங்க நின்ன ஒருத்தருக்குக் கூடவா இது தெரியாது?” என்று கத்தினேன்.

“எல்லாத்துக்கும் தெரியும்,” என்றான் கருத்தையா. அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்குந்தேன் தெரியும். அப்பத்தேன் என் கட்டை அவுத்துக்கிட்டு இருந்தாக.”