உள்தாழ்ப்பாள்

குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைப்பதா வேண்டாமா என்பதில்தான் அந்த வீட்டில் சண்டை தொடங்கியது. சண்டை போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். அண்ணன் எங்கோ நெடுஞ்சாலையோரம் லாரியை ஒதுக்கிவிட்டு ஃபோனில் பேசினான். தங்கை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அதே அழைப்பில் பேசினாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அண்ணி. அவள் மட்டும்தான் வீட்டில், அந்தக் குளியலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தங்கையை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர், வேலைக்குப் போன பிறகும் உதிரவில்லை. வண்டியில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. ஒரு மழை நாளில், திருப்பத்தில் வண்டி சறுக்கி முதுகுத்தண்டில் அடி. கால்கள் சுத்தமாகப் போய்விடவில்லை. எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் நிற்பாள், ஓரிரு அடி நகர்வாள். வலது கையின் பிடியிலும் பழைய பலம் இல்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த 'இப்போதைக்கு' என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டார்கள்.

"கதவே வேண்டாங்கறேன். தடிமனா ஒரு திரை வாங்கி மாட்டிடு. செலவும் மிச்சம், பயமும் மிச்சம்" என்றான் அண்ணன்.

"நீ குளிக்கறப்போ திரையா போட்டுக்கறே?"

"எனக்கும் உனக்கும் ஒண்ணா வாலு?"

"அண்ணி, நீங்க கேளுங்க" என்றாள் வாலு. "இங்க தினம் யாராவது வந்து என்னைத் துடைச்சுவிட்டுட்டுப் போறாங்க. நல்லவங்கதான், குறை சொல்லல. ஆனா வீட்டுக்கு வந்தாவது ஒரு கதவைச் சாத்தி, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கணும் எனக்கு. வேற எதுவும் கேக்கல."

"விழுந்து கிடந்தா யார் வந்து திறக்கறது?" என்று அண்ணன் குரலை உயர்த்தினான்.

"பாக்கறேன்மா" என்று சொல்லி அண்ணி இரண்டு பேருக்கும் பொதுவாக முடித்துவைத்தாள். யார் சொன்னதும் தப்பில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

தாழ்ப்பாளுக்கு முன்னால் தலைக்கு மேல் வேலை கிடந்தது. வீடு மாமனார் விட்டுப்போனது; குளியலறையும் அவர் காலத்தோடு நின்றுபோனது. தரையோடு பதித்த பழைய கழிப்பிடம். வாசலில் தடுக்கிவிடும் உயரத்துக்கு ஒரு படி. முறுக்கி முறுக்கித் திறக்கும் குழாய்கள். கை நன்றாக இருப்பவர்களுக்கே மணிக்கட்டு நோகும். சமையலறைத் தொட்டியிலும் அதே ரகம்தான். "டீயாவது நானே போட்டுக் குடிக்கணும்" என்று வாலு முன்பே சொல்லியிருந்தாள். கையிருப்பில் பெரும்பகுதியை மருத்துவமனை விழுங்கிவிட்டது. எல்லாவற்றையும் இடித்துப் புதுசாகக் கட்டும் பேச்சுக்கே இடமில்லை.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் பிரிவில் இருந்தாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்றியே ஆகவேண்டியது எது, துடைத்துத் தேய்த்து ஓட்டக்கூடியது எது என்று குளியலறையையே சுற்றிச் சுற்றி வந்தாள். டைல்ஸ் அப்படியே இருக்கட்டும். வாளி, கண்ணாடி, விளக்கு எல்லாம் போதும். உட்காரும் கமோடு வேண்டும், தட்டினால் திறக்கும் லீவர் குழாய்கள் வேண்டும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி வேண்டும்.

கமோடு பழைய சாமான் கிடங்கில் கிடைத்தது. இடிக்கப்போகும் ஒரு லாட்ஜிலிருந்து வந்ததாம். விரிசல் இருக்கிறதா என்று தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்து வாங்கினாள். வீட்டு வாசலில் வைத்து அரை நாள் தேய்த்தாள். மேல்மூடியும் உட்காரும் வளையமும் மட்டும் புதுசு.

"அடடே, தாய்வீட்டுச் சீர் மாதிரி பளபளன்னு ஆக்கிட்டீங்களேம்மா" என்றபடி வந்தார் பிளம்பர். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவர். காலையில் வருகிறேன் என்றால் மத்தியானம் வருவார். ஆனாலும் தெருவில் மற்றவர்களைவிடக் குறைவாகக் கேட்பவர் அவர்தான்.

கமோடு வேலை ஒழுங்காக முடிந்தது. வாசல் படியைத் தட்டிவிட்டுச் சிமெண்டால் சரிவு போட்டார்கள். கோளாறு குழாயில் வந்தது. பழைய குழாயை அவர் ஸ்பேனர் போட்டு ஒரு திருகு திருகியதும், அது தனியாக வராமல், சுவருக்குள் இருந்த துருப்பிடித்த இரும்பு பைப்பையும் முறித்துக்கொண்டு வந்தது. சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பிளம்பர் தொப்பலாக நனைந்தபடி மாடிக்கு ஓடி வால்வை மூடினார். அதோடு வீடு முழுக்கத் தண்ணீர் நின்றது.

"உள்ள எல்லாம் உளுத்துப்போச்சும்மா. சுவரை நீளத்துக்கு உடைச்சுத்தான் புது பைப் ஓட்டணும்."

"உடைச்சா டைல்ஸ்?"

"டைல்ஸும் போகும்."

அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு மருத்துவமனையிலிருந்து ஃபோன். வேறு நோயாளிக்குப் படுக்கை தேவைப்படுகிறதாம். அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தவர்கள், வெள்ளிக்கிழமையே அழைத்துப்போக முடியுமா என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்கு. காலடியில் தண்ணீர் தேங்கி நிற்க, "சரிங்க" என்று சொல்லிவிட்டு, பிளம்பரைப் பார்த்தாள்.

"அண்ணே, பைப்பைச் சுவருக்கு வெளியவே ஓட்டிடுங்க."

"பாக்க நல்லா இருக்காதேம்மா."

"குளியலறையை யாரும் ஃபோட்டோ எடுக்கப் போறதில்ல. தண்ணி வந்தா போதும்."

பிளாஸ்டிக் பைப் சுவரின் மேலேயே கிளிப் போட்டு ஓடியது. குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர் என்பதால், ஒரு துளை போட்டு அந்தப் பக்கத் தொட்டிக்கும் அதே வரிசையில் நீட்டிவிட்டார். லீவரைப் புறங்கையால் தட்டினாலே தண்ணீர் வந்தது. அண்ணி திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான்.

அது நீடிக்கவில்லை. மறுநாள் கம்பி மாட்டினார்கள். பிளம்பர் இழுத்துப் பார்த்து, "யானையைக் கட்டலாம்" என்றார். அண்ணி அவரை நகரச் சொல்லிவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, முழு உடம்போடு தொங்கினாள். கறக் என்றது. திருகாணிகள் பிளாஸ்டிக் உறையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். மடியில் சாந்துத் தூள்.

பிளம்பர் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "சுவர் உள்ள பொக்கையா இருக்கும்மா" என்றார் மெல்ல.

அண்ணி எழுந்திருக்கவே இல்லை. விழுந்தது தான் இல்லாமல் வாலுவாக இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. திரை மாட்டு என்று கணவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கூடவே நின்று தானே குளிப்பாட்டிவிடலாம். அப்படிச் செய்தால் வாலு ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாமலே உள்ளுக்குள் ஒடுங்கிப்போவாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. மெல்லிய துணியில் பெரிய பொத்தான் தைத்தால் துணி கிழிந்து வந்துவிடும். அதற்குப் பின்பக்கம் ஒரு சின்னத் துண்டுத் துணி வைத்துச் சேர்த்துத் தைப்பார்கள்.

"அண்ணே, திருகாணி வேண்டாம். சுவரை ஊடுருவி நீளமா போல்ட் போடுங்க. அந்தப் பக்கம் இரும்புத் தகடு வெச்சு முடுக்கிடலாம்."

"அந்தப் பக்கம் உங்க சமையலறை. தொட்டிக்கு மேல தகடு தெரியுமே."

"தெரியட்டும்."

வெல்டிங் பட்டறையின் கழிவுக் குவியலில் இரண்டு கனத்த தகடுகள் கிடைத்தன. இந்தத் தடவை அண்ணியும் பிளம்பரும் சேர்ந்தே தொங்கினார்கள். அசையவில்லை. ஆனாலும் அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்தக் கம்பியை ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

கடைசியில் தாழ்ப்பாள். ஹார்டுவேர் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அலமாரியில் துழாவி ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு கீறல் மட்டும் இருக்கும். அவசரத்துக்கு அதில் நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். கதவை உள்பக்கம் திறப்பதற்குப் பதிலாக வெளிப்பக்கம் திறக்கும்படி தச்சர் மாற்றிக் கொடுத்தார். கதவோரம் யாராவது விழுந்து கிடந்தாலும் திறக்க வேண்டுமே.

கணவனிடம் ஃபோனில் சொன்னாள். "ஏதாவது ஆச்சுன்னா நான் உன்னைத்தான் கேப்பேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை வாலு வந்து சேர்ந்தாள். முடி ஒட்ட வெட்டப்பட்டு, முகம் சிறுத்து, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. சக்கர நாற்காலியை நேராகக் குளியலறை வாசலுக்கே விடச் சொன்னாள். குழாயைத் தட்டிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். கதவின் வெளிப்பக்கக் கீறலில் விரலை வைத்தாள்.

"இது என்ன அண்ணி?"

மறைக்க மனம் வரவில்லை. "அவசரத்துக்கு வெளிய இருந்து திறக்கலாம்."

"அப்ப இது தாழ்ப்பாளே இல்ல."

"நீ கூப்பிடாம திறக்க மாட்டேன் வாலு."

அவள் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். "சரி" என்றாள். மாற்றுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குமிழ் திரும்பும் சத்தம் கேட்டது.

அண்ணி வாசலிலேயே நின்றாள். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம். மக்கில் மொண்டு ஊற்றும் சத்தம். குளிக்க உட்காரப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று மனசு படம் போட்டுக் காட்டியது. கையில் ஒரு நாணயத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

பிறகு தொம் என்று ஒரு சத்தம்.

"வாலு?"

பதில் இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வாலு, என்னம்மா ஆச்சு? ஒரு வார்த்தை பேசு."

ஒன்றுமில்லை. அண்ணி நாணயத்தைக் கீறலில் வைத்துத் திருப்பிவிட்டாள். தாழ் க்ளிக் என்று விலகியது.

"திறக்காதீங்க." குரல் தரையோரத்திலிருந்து வந்தது. மூச்சு வாங்கியது. "விழுந்துட்டேன். அடி ஒண்ணுமில்ல. மூச்சு அடைச்சுடுச்சு, அதான் பேச முடியல. நானே எழுந்துக்கறேன்."

"ஒரு கை கொடுக்கறேனே."

"அண்ணி. துணியில்லாம கிடக்கேன். தயவுசெஞ்சு."

அண்ணியின் கை கதவின் பிடியில் இருந்தது. இழுத்தால் போதும். கணவன் சொன்னது காதில் ஒலித்தது. அவள் பிடியை விட்டாள். விட்டவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்கு ஓடி, தொட்டிக்கு மேலிருந்த தகட்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். அழுத்துவதா இழுப்பதா என்றுகூடத் தெரியவில்லை. எதைச் செய்தாலும் பயனில்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் வாலு கம்பியை எட்டிப் பிடிக்கப் பார்ப்பதும் கை நழுவுவதும் கேட்டது. மறுபடி முயற்சி. மறுபடி நழுவல். அடுத்த தடவை தகடு சுவரோடு இறுகியது. ஓரத்திலிருந்து கொஞ்சம் சாந்து உதிர்ந்து தொட்டியில் விழுந்தது. உள்ளங்கையில் ஒரு அதிர்வு. ஒரு ஆளின் முழுப் பாரமும் அதில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகடு தாங்கியது.

பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. வாலு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வெளியே வர வெகுநேரம் ஆனது. துண்டு தோளில், கழுத்தோரம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. முழங்கை சிவந்திருந்தது. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"திருப்பினீங்கதானே?"

"திருப்பினேன்."

"ஆனா திறக்கல."

"திறக்கல" என்றதும் அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. வாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அழுது முடிந்ததும், "கம்பி உட்காந்து எழுந்துக்கத்தான் சரி அண்ணி. தரையில இருந்து எட்டல. கீழ இன்னொண்ணு வேணும்" என்றாள்.

பிளம்பர் மறுபடி வந்தார். வாலு நாற்காலியிலிருந்து தரையில் இறங்கி உட்கார்ந்து, கை எட்டும் இடத்தைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டுக் காட்டினாள். "இங்க போட்டா வளைஞ்சு வளைஞ்சு என் முதுகு போயிடுமேம்மா" என்றார் அவர். "வாங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஆஸ்பத்திரி போவோம்" என்றாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. இன்னொன்றும் பேசி வைத்துக்கொண்டார்கள்: கூப்பிட்டால் வாலு உடனே பதில் சொல்ல வேண்டும், பேச முடியாவிட்டால் மக்கால் பக்கெட்டைத் தட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அண்ணி கேட்காமல் திறக்கலாம்.

அண்ணன் சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பியபோது வாலு தானே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவன் தகடுகளைத் தட்டினான், கம்பிகளில் தொங்கினான், தாழ்ப்பாளைத் திருகித் திருகிப் பார்த்தான். குறை சொல்ல இடம் தேடினான் போல, கிடைக்கவில்லை.

அன்று வாலு குளிக்கப் போனாள். அவன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். நடுவில் தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

அண்ணிக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்று அடித்தது. தினமும் அப்படித்தான், அது பழகவே இல்லை. ஆனாலும் பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமல், "உட்காருங்க" என்றாள். "தலைக்குச் சோப்பு போடறா."

அவன் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றான். உள்ளே மறுபடி தண்ணீர் விழத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்தான்.