தண்ணீரில் நின்ற வண்டி

என் அக்கா கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டப் பழகினார்கள். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். பழகுகிறவர் சொதப்பினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்துவதற்காக வைத்தது. அக்கா அதை மிதிக்கவே மாட்டாள் என்று பெயர். "என் வாய்தான்டி பிரேக்கு" என்பாள். அதனால் பழக வந்தவர்கள் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

நானும் அவளிடம்தான் பழகினேன். லைசென்ஸ் வந்த பிறகு அவள் பக்கத்தில் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. கூடப் பிறந்த பாவத்துக்கு அந்தத் திட்டையெல்லாம் வேறு வாங்க வேண்டுமா?

ஆனால் புயலில் கடல் பொங்கி ரோட்டுக்குள் ஏறிய அன்றைக்கு நான்தான் ஓட்ட வேண்டியிருந்தது. முந்தின நாள் என் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து அக்கா வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு என் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பயிற்சிக் காரும் என் வாசலில்தான் நின்றது. என் வீட்டுக்காரர் வெளியூரில் வேலையாக இருந்தார். எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே வெளியே போகக் கடல் ரோடு ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் புயல் செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டார்கள். நாங்கள்தான் மாடி வீடு இருக்கிறது, என்ன பயம் என்று உட்கார்ந்திருந்தோம். மகா புத்திசாலிகள்!

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் என் மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவளுக்குச் சின்னதிலிருந்தே வீசிங் உண்டு. கரண்ட் இருந்தால் நெபுலைசரில் மருந்து வைத்துக் கால் மணியில் சரி செய்துவிடுவேன். கரண்ட் இல்லாத நெபுலைசர் வெறும் பிளாஸ்டிக் டப்பா. இன்ஹேலர் பம்பை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அதற்கும் அடங்கவில்லை. குழந்தை முன்னால் குனிந்து உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்தது. "அம்மா... தண்ணி..." என்று சொல்வதற்குள் ரெண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "கடல் ரோட்டுல தண்ணி ஏறிடுச்சும்மா, வண்டி பாதியில திரும்பி வந்துடுச்சு. நீங்க பாலத்துக்கிட்ட வந்துட முடியுமா?" என்று போனை எடுத்தவன் கேட்டான். வர முடிந்தால் உன்னை எதற்கப்பா கூப்பிடுகிறேன் என்று கத்திவிட்டு வைத்தேன். அவன் மேல் என்ன தப்பு? யார் மேலாவது கத்த வேண்டியிருந்தது.

"கெளம்பு," என்றாள் அக்கா. "இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

"நானா ஓட்டணும்?"

"இல்ல, பாப்பா ஓட்டுவா. சாவிய எடுடி!"

குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, போர்வையைப் போர்த்தி, குனிந்துகொள்ளத் தலையணையை மடியில் கொடுத்தேன். அக்காவையும் பின்னால் ஏறச் சொன்னேன். "முன்னால இருந்தாத்தான் எனக்கு ரோடு தெரியும்" என்று வழக்கமான பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போதே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"ஃபர்ஸ்ட் கியர்லயே போ. மாத்தாதே. ஆக்சிலேட்டர்ல வெச்ச கால எடுக்கவே கூடாது. பிரேக் பக்கமே போகாதே. நடுவுல நின்னா அவ்வளவுதான்."

"நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்ல?"

"தொட்டுடாதே! தண்ணில வண்டி அதுவா நின்னுச்சுன்னா, எஞ்சின் தண்ணியக் குடிச்சிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல சாவியத் திருப்பினா உள்ள இருக்கற கம்பியெல்லாம் வளைஞ்சு உடைஞ்சிடும். அப்புறம் அது காரில்ல, பழைய இரும்பு."

தெருவில் சக்கரம் பாதி முழுகும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. திரும்பிக் கடல் ரோட்டுக்கு வந்தால், ரோட்டையே காணோம். கடலும் கழியும் ஒன்றாகிக் கிடந்தன. ஓரத்தில் நட்ட கருப்பு வெள்ளைக் கற்களின் தலை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. ஒவ்வொரு அலையும் தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்து, கண்ணாடியில் அறைந்து, வண்டியைக் கழிப் பக்கமாக ஒரு தள்ளு தள்ளியது. தூரத்தில் பாலத்தின் ஏற்றம் மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல் ஏறிவிட்டால் ஆஸ்பத்திரி.

"கல்லப் பாத்துப் போ. கல்லுக்கு அந்தப் பக்கம் வடிகால். மூடியெல்லாம் எப்பவோ மிதந்து போயிருக்கும்."

"பேசாம வாக்கா, தாயே!"

பின்னால் என் மகளின் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கும் வரைக்கும் உயிர் இருக்கிறது, நின்றால் என்ன செய்வேன் என்று மனம் கண்டதையும் நினைத்தது. தண்ணீர் பானெட்டின் முன்னால் குவிந்து இரண்டாகப் பிரிந்து போனது. என் வலது கால் மரத்துப் போய் ஆக்சிலேட்டரோடு ஒட்டியிருந்தது. பாதிக்கு மேல் வந்துவிட்டோம். நன்றாகத்தான் ஓட்டினேன், அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு கருப்புத் தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் வைப்பார்களே அது, உருண்டுகொண்டு குறுக்கே மிதந்து வந்தது. ஆனை மாதிரி வந்தது. நான் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தேன். காலை எடுக்கவில்லை. ஆனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி தயங்கியது. இருமியது. நின்றுவிட்டது. தொட்டி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போயே போய்விட்டது.

"நான் கால எடுக்கல! சத்தியமா எடுக்கலக்கா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதுவா நின்னுடுச்சாக்கா?"

"ம்."

"அப்ப தண்ணி உள்ள போயிடுச்சா?"

"போயிருக்கும்."

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பாதத்தை நனைத்தது, பிறகு கணுக்காலை. ஹார்ன் யாரும் தொடாமலே அலற ஆரம்பித்தது. வைப்பர் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. உப்புத் தண்ணீர் ஒயருக்குள் போய்விட்டது. குழந்தை அந்தச் சத்தத்துக்குப் பயந்து அழப் பார்த்தாள், அழுவதற்கும் அவளிடம் மூச்சு இல்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது.

"இப்படியே உக்காந்திருக்க முடியாது. நான் பாப்பாவத் தூக்கிட்டு எறங்கறேன்," என்றேன்.

அக்கா திரும்பவில்லை. "ஆழம் ஜாஸ்தி."

"உள்ள இருந்தா மட்டும்? அவ மொகத்தப் பாரு! பாலம் கிட்டதான இருக்கு, நடந்துடறேன். நீ பின்னாலயே வா."

குழந்தையை முன்சீட்டுக்கு இழுத்து, போர்வையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். அவள் மார்புக்கூடு என் முதுகில் துடித்தது. கண்ணாடியைச் சுற்றி இறக்கி, ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு காலை வெளியே போட்டேன். தண்ணீர் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்த வேகம் இருக்கிறதே, அப்பப்பா! அடியில் தரை தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் தட்டுப்படும் என்று விளிம்பில் சறுக்கினேன். அந்த நேரம் ஒரு பெரிய அலை வந்து வண்டியை அப்படியே தூக்கிக் கழிப் பக்கம் நகர்த்தி வைத்தது. வண்டிக்கும் கருப்பு வெள்ளைக் கல்லுக்கும் நடுவே நான் காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டுக் கையாலேயே அக்கா என்னை இடுப்போடு வளைத்துப் பிடித்தாள். வலியில் அவளே கத்திவிட்டாள்.

"எறங்காதே!"

"விடுக்கா!"

"எறங்காதேடி! வண்டி அதுவா நிக்கல! நான்தான் பிரேக்க மிதிச்சேன்!"

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஹார்ன் வேறு காதைக் கிழித்தது.

"தொட்டியப் பாத்ததும் என்னையறியாம மிதிச்சுட்டேன். எஞ்சின் தண்ணி குடிக்கல. கிளட்ச் மிதிக்காததால சும்மா ஆஃப் ஆயிருக்கு, அவ்வளவுதான். சாவியத் திருப்பு, ஓடும்."

உள்ளே விழுந்தேன். அவளை அறைந்திருப்பேன், முதுகில் குழந்தை இருந்ததால் அறையவில்லை. "பாவி! கொலகாரி! இவ்வளவு நேரம் வாயில என்ன வெச்சிருந்தே?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், அதெல்லாம் எழுதத் தக்கதல்ல. கத்திக்கொண்டே குழந்தையை அவிழ்த்து அவள் மடியில் போட்டேன்.

"ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வை. கீழ எறக்கினே, ஒடிச்சுடுவேன்."

பிரேக்கம்மா மறுபேச்சில்லாமல் சீட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டாள்.

கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். கறகறவென்று அரைத்துவிட்டு அடங்கிப் போனது. அவள் சொன்னது பொய்யாக இருந்தால், இல்லை, இத்தனை நேரத்தில் நிஜமாகவே தண்ணீர் ஏறியிருந்தால், அடுத்த திருப்பில் எல்லாம் முடிந்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தி மறுபடி திருப்பினேன். செருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. பின்னால் புகைக்குழாய் குபுகுபுவென்று தண்ணீரைக் கக்கியது. காலை எடுக்காமல் கிளட்சை விட்டேன். சக்கரம் ஒரு நொடி வெறுமனே சுற்றிவிட்டுத் தரையைப் பற்றியது.

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. கல்லைப் பார்த்தேன், விசில் சத்தத்தைக் கேட்டேன், காலை அழுத்தினேன். பாலத்தின் ஏற்றத்தில் முன்சக்கரம் ஏறியபோது, அடைத்திருந்த என் காது திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

"பிரேக் நனைஞ்சிருக்கும், பிடிக்காது," என்றாள் அக்கா, கேட்கவே கேட்காத குரலில். "லேசா மிதிச்சு மிதிச்சு விடு."

"அத நீதான் நல்லா மிதிப்பியே!"

அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது. அணைத்ததும் உள்ளே ஏதோ டக்கென்று கேட்டது. அதன் பிறகு அது ஓடவில்லை. ஹார்ன் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது, காவலாளி வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கும் வரை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். நர்ஸ் பறித்த மாதிரி வாங்கிக்கொண்டு போய் முகமூடியை மாட்டினாள். வெள்ளைப் புகை வந்தது. தோள் ஏறி இறங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது. விசில் அடங்கியது. மூச்சு அடங்கவில்லை, விசில்தான். அப்போதுதான் நான் அழுதேன்.

"இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்மா," என்றாள் நர்ஸ். "சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க."

வெளியே நடைபாதையில் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு ஊறிக் கஞ்சியாகிக் கையில் தொங்கியது. காவலாளி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: கடல் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு ஒரு ஆள் நடந்து வரப் பார்த்திருக்கிறார், வடிகால் பக்கம் கால் வைத்தவரை இன்னும் காணவில்லையாம், தேடுகிறார்களாம்.

நான் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் எங்கேயோ போய்விட்டது. பாவம், அவளும் பயத்தில்தானே மிதித்தாள், மறு நொடியே சொல்ல நாக்கு எழும்பியிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவள் நல்ல கையைப் பிடித்தேன்.

"போகட்டும் விடுக்கா. வாய் வரல, அவ்வளவுதான? கடைசில சொல்லிட்ட இல்ல."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"வாய் வராம இல்லடி. பிரேக்கம்மாவே மிதிச்சுட்டான்னு ஆயிடுமேன்னு, சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதுவா நின்னுச்சான்னு நீ கேட்டப்ப, ஆமான்னா யாருக்குத் தெரியப் போகுதுன்னு தோணுச்சு. பாப்பாவ நீ முதுகுல கட்டறத பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஜன்னல்ல ஏறினே, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எப்படியாவது நடந்து போயிடுவான்னு நெனச்சுக்கிட்டேன். அந்த அலை மட்டும் வரலேன்னா..."

பெஞ்சின் மறு ஓரத்துக்கு நான் எப்போது நகர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பாப்பா பெரியம்மாவக் கூப்பிடறா. யாரு?"

அக்கா எழுந்தாள். வழக்கமாக அவள் யாரையும் எதையும் கேட்டுக்கொண்டு செய்பவள் அல்ல. அன்றைக்கு நின்று என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போகட்டுமா என்று. எனக்குப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.