மொய் நேரத்தில் ஒரு பாட்டு

எழுபத்தொன்பதில் உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்யாணம் என்றால் சின்னராசுவின் மைக் செட்தான். பாட்டுப் போடுவதைவிட மொய் வாசிப்பதில்தான் அவனுக்குக் குஷி. மொய் எழுதும் சடையப்பன் தொகையைச் சொல்லச் சொல்ல, இவன் பேரோடும் ஊரோடும் மைக்கில் முழங்குவான். ஐந்து ரூபாய்க்காரன் தலை குனிந்து பந்திக்குப் போவதும், ஐம்பது ரூபாய்க்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வதும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். எவன் மடியில் எவ்வளவு என்று தெரியாவிட்டால் இந்த மகராசனுக்குச் சோறு இறங்காது.

தேவராஜன் மகள் கல்யாணத்தில் மாகறல் செல்லம்மாள் மொய் மேசைக்கு வந்தாள். மணப்பெண்ணுக்குப் பெரியம்மா. அவள் புருஷன் முத்துவேல் காலையிலேயே ஐந்து ரூபாய் எழுத, அதை இவன் முழங்கியும் ஆயிற்று.

"அண்ணா, எம்பேர்ல தனியா எழுதணும். மைக்ல மட்டும் சொல்லாதே."

சின்னராசுவுக்கு நமைச்சல் எடுத்துவிட்டது. "ஏம்மா, ரெண்டு ரூபான்னு கூச்சமா? யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நூற்றியொரு ரூபாய்.

"அடேங்கப்பா! இத்த சொல்லாம வேற இன்னாத்த சொல்றது?" அவன் மைக்கை எடுத்தேவிட்டான்.

செல்லம்மாள் அதைக் கையால் பொத்தினாள். "மோர் வித்து சேத்த துட்டுண்ணா. எனக்கு ஒடம்பு முடியாதப்போ எந்தங்கச்சி கம்மல வித்து வைத்தியம் பாத்தா. தோ, அந்தாளு பந்தல்ல சீட்டாடிக்கினு கீறாரு. அவரு காதுல விழுந்தா, மீதி எங்க கீதுன்னு வூட்டையே தோண்டிடுவாரு. எந்துட்ட ஊருக்கு சொல்லலாமா கூடாதான்னு நான்தானே சொல்லணும்?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவரும் அவனைக் கேட்டதில்லை. பந்தலைப் பார்த்தான். முத்துவேல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னராசு மைக்கை அணைத்து ஒரு ரெக்கார்டைச் சுழலவிட்டான். சடையப்பன் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டான்.

தேவராஜன் ஓடிவந்தார். "இன்னாப்பா, மொய் நேரத்துல பாட்டு? நீ படிச்சாத்தான நாலு பேரு கூடப் போட்டு எழுதுவான்!"

"மைக் பேஜார் பண்ணுது, நைனா," என்று கூசாமல் புளுகினான்.

"வாடகையில புடிச்சிக்குவேன்," என்று முறைத்துவிட்டுப் போனார்.

சமையல் பக்கம் என்ன கசிந்ததோ, பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கூடை முடைகிறவள், நாற்று நடுகிறவள், கறவை மாடு வைத்திருக்கிறவள். எல்லார் வீட்டு மொய்யும் காலையிலேயே புருஷன் பேரில் எழுதியாகிவிட்டது. "பாட்டு ஓடிக்கினு கீது இல்ல? எழுது," என்று முடிச்சை அவிழ்த்தார்கள். சின்னராசு வாய் பிளந்து நின்றான். மைக்கில் அவன் படிக்காத இன்னொரு ஊர் இங்கே இருந்திருக்கிறது!

ரெக்கார்டு முடியப் போகும்போதுதான் வரிசையில் கடைசியாக நின்றவளைக் கவனித்தான். அவன் மனைவி இந்திராணி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். எவ்வளவு? எதை விற்று? எத்தனை நாளாக? அவனுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. கோபமும் வந்தது. இரண்டடி நகர்ந்து எட்டிப் பார்த்தால் போதும்.

பாட்டு நின்றது. பந்தல் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது.

சின்னராசு அவசரமாக ரெக்கார்டைத் திருப்பிப் போட்டான். அவள் முடிச்சை அவிழ்த்து, எழுதி முடித்து, பந்திக்குப் போகும் வரை மேசைக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான்.